கூட்டுக்குரலும் தனிப்பெயரும்: திருச்சிராப்பள்ளி மக்கள் கலை இலக்கியக் கழகக் கலைக்குழுவின் பாடல் நிகழ்த்துமுறை – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

திருச்சிராப்பள்ளியை மையமாகக் கொண்டு இயங்கிவரும் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கலைக்குழு, நாட்டார் இசை வடிவங்களை அரசியல் பாடல்களாக மாற்றிப் பாடுவதில் அறியப்பட்டது. 2015ஆம் ஆண்டில் அக்குழுவின் பாடகர் கோவன் கைதானதற்குப் பிறகு இப்பாடல்கள் பரவலான கவனத்தைப் பெற்றன. எனினும் அக்கவனம் பாடல்களின் சொற்பொருளையும் பாடகரின் தனி ஆளுமையையும் சுற்றியே அமைந்தது. பல குரல்கள் ஒருங்கே ஒலிப்பது என்னும் அடிப்படைக் கூறு ஆய்வுக்கு உட்படவில்லை. இக்கட்டுரை அக்கூற்றை முதன்மைப்படுத்துகிறது. கூட்டுக்குரல் இப்பாடல்களின் புற அணியன்று, பொருளின் ஒரு பகுதியே என்பதையும், அதன் வலிமையோடு அதற்குரிய வரம்பும் உண்டு என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கூட்டுப்பாடல், பின்பாட்டு, சேர்ந்திசை, நிகழ்த்துகலை, திருவரங்கம், மக்கள் இசை.

1. முன்னுரை

தமிழ்த் திறனாய்வு பாடலை எதிர்கொள்ளும்போது பெரும்பாலும் பாட்டின் எழுத்துவடிவையே கையில் எடுத்துக்கொள்கிறது. யாப்பு, உவமை, கருத்து, வரலாற்றுச் சூழல் ஆகியவை விரிவாகப் பேசப்படுகின்றன. பாடுபவர் எத்தனை பேர், தொடங்குபவர் யார், ஏற்றுப் பாடுபவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. நாட்டார் வழக்காற்றியல் நிகழ்த்துதலை வலியுறுத்தத் தொடங்கிய பின்னரும் அரசியல் மேடைப் பாடல்கள் இப்பார்வைக்கு வெளியிலேயே நின்றன. அவை பிரச்சாரம் எனும் ஒற்றைச் சொல்லில் அடக்கப்பட்டுவிட்டதே இதற்கு முதன்மைக் காரணம்.

மக்கள் கலை இலக்கியக் கழகம் 1980களில் மார்க்சிய–லெனினியச் சார்புடன் உருவான பண்பாட்டு அமைப்பு. புதிய கலாச்சாரம் இதழும் இக்கலைக்குழுவும் அதன் பணியின் இரு கரைகளாக விளங்கின. இதழ் எழுத்தறிந்த வாசகரை நோக்கியது. கலைக்குழு தெருமுனையையும் ஆலைவாயிலையும் சிற்றூர் மந்தையையும் நோக்கியது. ஆகவே இக்குழுவின் பாடலை நூலில் அச்சான வரிகளாக மட்டும் படிப்பது, அமைப்பே பிரித்து வைத்த இரு பணிகளுள் ஒன்றை மற்றொன்றாகப் பிழைபடப் புரிந்துகொள்வதாகும்.

2. பல்குரல் பற்றிய தமிழ்ச் சிந்தனை

பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் ஒரே நேரத்தில் ஒலித்து இயைவது மேலை இசையின் தனிக்கூறு என்றும், தமிழிசை ஒற்றை இழையில் செல்வது என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இக்கூற்று முழுதும் பொய்யன்று. முழுதும் மெய்யும் அன்று. இணை, கிளை, பகை, நட்பு எனச் சுரங்களிடையேயான உறவைத் தமிழ் இசையியல் பெயரிட்டு வைத்திருக்கிறது. 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் இவ்வுறவுகளை விரிவாக ஆராய்ந்தார். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஆயர்மகளிர் எழுவர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்புகளின் பெயரை ஏற்று வட்டமாக நிற்கின்றனர். அவர்கள் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களை இசைத்தனர் என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. ஆனால் ஒரு பண் என்பது பலர் இடம்பிரித்து நின்று தாங்குவது என்னும் எண்ணம் அங்கே தெளிவாக உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் மேலைப் பல்குரல் முறையைத் தமிழுக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் எம். பி. சீனிவாசன் (1925–1988). இடதுசாரிப் பண்பாட்டு இயக்கத்தின் தாக்கத்தில் வளர்ந்த அவர், சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவின் வழியாகப் பாரதி பாடல்களைப் பல்குரல் அடுக்குகளாக அமைத்தார். சேர்ந்திசை என்னும் சொல்லும் அம்முயற்சியோடு நிலைபெற்றது. அம்முறைக்கு நீண்ட பயிற்சி வேண்டும். சுருதி வழுவாத சூழல் வேண்டும். ஒவ்வொரு குரற்பகுதிக்கும் தனித்தனியே ஆள் வேண்டும். கல்லூரிகளும் வானொலி நிலையங்களும் பள்ளிகளும் இவற்றைத் தர இயலும். தெருமுனை தராது.

மக்கள் கலை இலக்கியக் கழகக் கலைக்குழு இவ்வழியைப் பின்பற்றவில்லை. முன்பாட்டுக்காரர் ஓர் அடியைத் தொடங்க, ஏனையோர் அதனை ஒரே மெட்டில் ஏற்றுப் பாடும் நாட்டார் முறையே அதன் அடித்தளம். நடவுப் பாடலும் தெம்மாங்கும் கும்மியும் ஒப்பாரியும் இம்முறைக்கு மூலங்கள். பறையும் பிற தோற்கருவிகளும் தாளத்தைத் தாங்குகின்றன. ஆண்குரலும் பெண்குரலும் ஒரே மெட்டை ஒரு நிலை இடைவெளியில் பாடுகின்றன. ஒவ்வொருவர் உச்சரிப்பும் மூச்சும் நூலிழையளவு முன்பின்னாக விழுவதால் ஓசை தடிக்கிறது. இது சேர்ந்திசையின் கணக்கிட்ட இயைவன்று. ஆயினும் வெறும் ஒற்றைக்குரலின் பெருக்கமும் அன்று. திறந்த வெளியில், ஒலிபெருக்கி பழுதானாலும், சுருதிப்பெட்டி இல்லாமலும் நிற்கக்கூடிய ஓசை இது. பயிலாத பார்வையாளர் இரண்டாம் முறையிலேயே சேர்ந்துகொள்ள இயலும் என்பது அதன் மிகப்பெரிய பயன்.

3. திருச்சிராப்பள்ளி, திருவரங்கம்: இடமும் குரலும்

இக்குழுவின் இசையைத் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரித்து அறிய இயலாது. 1928 முதல் இயங்கிய பொன்மலை இரயில்வே பணிமனை, 1946 செப்டம்பர் 5 அன்று அங்குத் தொழிலாளர் ஐவர் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த நிகழ்வு, 1960களில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனம் ஆகியவற்றால் அந்நகருக்குத் தொழிற்சங்க மேடையின் நெடிய நினைவு உண்டு. மறுபுறம் காவிரிப் படுகையின் வேளாண் தொழிலாளர் பாடல்கள் கூப்பிடு தொலைவில் ஒலித்தன. ஆலைவாயில் முழக்கத்தின் குறுகிய அடியும் நடவுப்பாட்டின் ஏற்றுப்பாடும் முறையும் சந்திக்கும் இடம் இது. இக்குழுவின் பல்லவிகள் பெரும்பாலும் முழக்கத்தின் நீளமே உடையனவாக இருப்பதை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம்.

காவிரியின் நடுவே அமைந்த திருவரங்கம் இவ்வரலாற்றில் எதிர்முனையாக நிற்கிறது. அங்கும் கூட்டுக்குரல் உண்டு. மார்கழியின் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் அரையர்கள் தாளமிட்டுத் திவ்வியப் பிரபந்தத்தைப் பாடி அபிநயித்து உரை சொல்கின்றனர். கோஷ்டியாகப் பாசுரம் சேவிப்பதும் கோயிலின் அன்றாட ஒழுங்கு. இசைவடிவ நோக்கில் கோஷ்டியின் ஒருமித்த ஓதலுக்கும் தெருமுனைக் குழுவின் ஒருமித்த பாடலுக்கும் உள்ள தொலைவு மிகுதியன்று. இரண்டிலும் தனிக்குரல் கூட்டத்தில் கரைகிறது. இரண்டிலும் மனப்பாடம் ஏட்டை வெல்கிறது. வேறுபாடு வட்டத்திற்குள் யார் நிற்கலாம் என்பதில்தான் உள்ளது.

இவ்வேறுபாட்டைத் திருவரங்கத்தின் மரபே கதையாகப் பேணி வைத்திருக்கிறது. உறையூரில் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வார் தீவினுள் அடியிடாமல் காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார் என்பது குருபரம்பரை வழக்கு. உலோகசாரங்க முனிவர் எறிந்த கல் அவர்மேல் பட்டதும், பின்னர் இறையாணைப்படி அம்முனிவரே அவரைத் தோளில் சுமந்து சன்னதிக்குக் கொணர்ந்ததும், அமலனாதிபிரான் பாடி முடித்து அவர் இறைவனுள் கலந்ததும் அக்கதையின் பகுதிகள். பாணரின் பாட்டு உள்ளே நுழைந்தது, நாள்தோறும் ஓதப்படுகிறது. பாணர் குடி உள்ளே நுழைந்ததாகக் கதை சொல்லவில்லை. தனி ஒருவரின் குரலை ஏற்று, அவருடைய கூட்டத்தை வெளியே நிறுத்தும் வழி அதில் பதிவாகியுள்ளது.

1993இல் மக்கள் கலை இலக்கியக் கழகமும் தோழமை அமைப்புகளும் திருவரங்கம் கோயிலில் நடத்திய கருவறை நுழைவுப் போராட்டத்தை இக்கதையின் அருகில் வைத்து நோக்கலாம். அங்கு நுழைய முயன்றது தனி அடியார் அல்லர். ஓர் அமைப்பின் கூட்டம். சிறப்புத் தகுதியால் விலக்குப் பெற்ற ஒருவரை ஏற்பது எந்த மரபுக்கும் எளிது. பெயரற்ற பலரை ஏற்பது விதியையே மாற்றுவதாகும். இப்போராட்டத்தின் அரசியலை ஏற்பவரும் மறுப்பவரும் இந்த வடிவ உண்மையைக் காண இயலும். பின்னாளில், 2008 மார்ச்சில், சிதம்பரம் திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட சிவனடியார் ஆறுமுகசாமி மேற்கொண்ட முயற்சிக்கு இவ்வமைப்பின் தோழமை அமைப்பினர் துணைநின்றதும் இத்தொடர்ச்சியில் அடங்கும். பாடலின் பொருளைக் காட்டிலும் பாடும் இடம் வழக்குக்குரியதாகும் தருணங்கள் இவை.

4. தஞ்சையும் திருவையாறும்: கூட்டுக்குரல் தன்னளவில் சமத்துவமா?

1990களில் இவ்வமைப்பு தஞ்சையில் தமிழ் மக்கள் இசை விழாக்களை நடத்தத் தொடங்கியது. திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனைக்கும் சென்னை மார்கழிக் கச்சேரிகளுக்கும் மாற்றாக அது முன்வைக்கப்பட்டது. நாட்டார் கலைஞர்கள், ஓதுவார்கள், பறைக் கலைஞர்கள் ஆகியோர் அம்மேடையில் ஒருங்கே இடம்பெற்றனர்.

எதிர்த்தரப்பாகக் கொள்ளப்பட்ட திருவையாற்றின் புகழ்பெற்ற நிகழ்வும் ஒரு கூட்டுப்பாடலே என்பது கவனத்திற்குரியது. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை இசைவாணர் அனைவரும் ஒருங்கமர்ந்து பாடும் வழக்கம் தொன்மையானது அன்று. இருபதாம் நூற்றாண்டில் உருவானது. தியாகராசர் சமாதியில் பெண்கள் பாடுவதற்கு இடமில்லாதிருந்த காலத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) அதற்காகப் போராடியதும், சமாதிக்குக் கட்டடம் எழுப்பியதும் இசை வரலாற்றில் பதிவானவை. ஆக, பலர் ஒரே மெட்டைப் பாடுவதாலேயே அங்குச் சமத்துவம் வந்துவிடுவதில்லை. வட்டத்தின் எல்லை எங்கே போடப்பட்டது என்பதைப் பொறுத்தே கூட்டுக்குரலின் பொருள் அமைகிறது.

இந்த அளவுகோலை மக்கள் கலை இலக்கியக் கழகக் குழுவுக்கும் பொருத்தியாக வேண்டும். மக்கள் என்னும் ஒரே தன்னிலையில் உழவர், ஆலைத் தொழிலாளர், ஒடுக்கப்பட்ட சாதியினர், பெண்கள் அனைவரும் பேசுவதாக இப்பாடல்கள் அமைகின்றன. ஒரே மெட்டில் ஒருமித்துப் பாடும் முறை இத்தன்னிலைக்குப் பொருத்தமான இசைவடிவம். ஆனால் அதே ஒருமிப்பு உள்வேறுபாடுகளை மழுக்கவும் வல்லது. கே. ஏ. குணசேகரன் (1955–2016) நாட்டார் மெட்டுகளைக் கையாண்டபோது தலித் தன்னிலையைத் தனியே ஒலிக்கச் செய்தார். ஒப்பாரியும் தெம்மாங்கும் அவரிடம் ஒரு குறிப்பிட்ட காயத்தின் குரலாயின. திருச்சிக் குழுவிடம் அதே வடிவங்கள் பொதுச்சினத்தின் கருவியாகின்றன. முன்னதில் குரலின் உடைமை தெளிவு. பின்னதில் குரலின் பரப்பு பெரிது. ஒன்றை மற்றொன்றின் குறையாகக் கூறுவது பொருந்தாது. எனினும் ஒப்பாரி மெட்டில் பெண்ணின் துயரம் பாடப்படும்போது அதனைப் பெண்குரல் தனித்து எடுப்பதற்கும் குழு முழுவதும் எடுப்பதற்கும் உள்ள பொருள் வேறுபாட்டை இவ்வடிவம் போதிய அளவு பயன்கொள்ளவில்லை என்னும் மதிப்பீட்டைத் தவிர்க்க இயலாது.

5. 2015: கூட்டுக்குரல் தனிப்பெயராதல்

தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 இறுதியில் அரசின் வாணிபக் கழகமான டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. 2015 சூலை 31 அன்று மதுவிலக்குப் போராளி சசிபெருமாள் போராட்டக் களத்தில் உயிரிழந்தபின் மாநிலமெங்கும் எதிர்ப்பு தீவிரமடைந்தது. அச்சூழலில் பரவிய பாடல்களுள் ஒன்று இக்குழுவின் ‘மூடு டாஸ்மாக்கை மூடு’. தலைப்பின் சொல்லமைப்பே கூட்டுப்பாடலின் இலக்கணத்தைக் காட்டுகிறது. இரு ஏவல் வினைகளுக்கு இடையே செயப்படுபொருள் சிறைப்பட்டிருக்கிறது. எழுவாய் இல்லை; ஏவுபவர் யார் எனப் பாடல் பெயர் சொல்வதில்லை. முதல் ‘மூடு’ ஒருவர் வாயிலிருந்து புறப்பட்டாலும் இறுதி ‘மூடு’ கூட்டத்தின் வாய்க்கு இயல்பாகவே கைமாறும். எழுத்தில் வெறும் அடுக்காகத் தெரிவது நிகழ்த்துதலில் அழைப்பும் விடையுமாகிறது.

2015 அக்டோபர் 30 அதிகாலையில் கோவன் திருச்சியில் உள்ள இல்லத்தில் கைது செய்யப்பட்டார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவின்கீழ், அதாவது அரசத்துரோகக் குற்றச்சாட்டின்கீழும், பிற பிரிவுகளின்கீழும் வழக்குப் பதிவாயிற்று. நவம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது. காவல்துறைக் காவலில் எடுத்து விசாரிப்பது தொடர்பாக அரசு மேற்கொண்ட மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அம்மாத இறுதியில் ஏற்க மறுத்தது. 2018 ஏப்ரலில் இரத யாத்திரையை எள்ளிய பாடலுக்காக அவர் மீண்டும் கைதானார்.

இவ்வழக்கின் உரிமைசார் பரிமாணம் பலராலும் பேசப்பட்டுள்ளது. திறனாய்வு கருதவேண்டியது வேறொன்று. சட்டம் குற்றத்தைத் தனிமனிதர்மீதே சுமத்த இயலும். கூட்டாகப் பாடப்பட்ட ஒரு பாடல் வழக்குப்பதிவில் ஒருவரின் கூற்றாகிறது. ஊடகமும் அதே பாதையில் சென்றது: நேர்காணலும் நிழற்படமும் ஒரு முகத்தையே கேட்டன. ஆதரவாளர்களும் ‘கோவன் பாடல்’ என்றே வழங்கினர். மெட்டமைத்தவர், வரி திருத்தியவர், பறையடித்தவர், ஏற்றுப் பாடிய ஆண்கள் பெண்கள் ஆகியோர் அப்பெயரின் பின்னே மறைந்தனர். ஆசிரியர் பெயரின்றிக் குழுவின் படைப்பாகவே பாடல்களை முன்வைத்த ஓர் அமைப்புக்கு, அடக்குமுறையும் அதற்கெதிரான புகழும் சேர்ந்து ஒரு நட்சத்திரத்தை அளித்தன. ‘அசுரகானம்’ போன்ற முந்தைய ஒலிநாடாத் தொகுப்புகள் கேட்டவரிடம் பெயரற்ற குழுவாகச் சென்று சேர்ந்த காலத்தோடு, கைப்பேசித் திரையில் ஒரு முகமாகச் சென்று சேர்ந்த காலத்தை ஒப்பிட்டால் இம்மாற்றம் புலப்படும்.

உலக அளவிலும் இதற்கு இணை உண்டு. 1948இல் அமெரிக்காவில் உருவான வீவர்ஸ் என்னும் நால்வர் குழு நாட்டுப்பாடல்களைப் பல்குரல் இயைவோடு பாடிப் பெரும்புகழ் பெற்றது. 1950களின் தொடக்கத்தில் பொதுவுடைமை எதிர்ப்பு அலையில் கருப்புப் பட்டியலுக்கு உள்ளாகி வானொலியையும் மேடையையும் இழந்தது. குழுவினருள் பீட் சீகர் 1955இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அழைக்கப்பட்டார். 1961இல் அவமதிப்புக்காகத் தண்டிக்கப்பட்டார். 1962இல் மேல்முறையீட்டில் விடுபட்டார். வரலாறு சீகரின் பெயரை நினைவில் வைத்த அளவுக்கு ஏனைய மூவரின் பெயரை வைத்திருக்கவில்லை. ஆனால் வீவர்ஸின் பல்குரல் முறையில் ஒவ்வொரு குரலும் தனிப்பகுதியைத் தாங்கியதால், இசைப்பதிவே நால்வருக்கும் சான்றாக நிற்கிறது. ஒரு குரலை நீக்கினால் இயைவு சிதையும். ஒரே மெட்டில் ஒருமித்துப் பாடும் குழுவுக்கு அத்தகைய உட்சான்று இல்லை. முன்பாட்டுக்காரர் எஞ்சினால் பாடலும் எஞ்சியதுபோலத் தோன்றும். எளிதில் எவரும் சேர்ந்துகொள்ளத்தக்க வடிவமே, எளிதில் ஒருவராகச் சுருக்கத்தக்க வடிவமாகவும் ஆகிறது.

6. பின்பாட்டின் வாய்ப்புகள்

இச்சுருக்கத்தை எதிர்கொள்ளும் வழி தமிழ் நாட்டார் மரபிலேயே உண்டு. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் வெறும் எதிரொலி அல்லர். அவர் ஆமோதிக்கிறார், வினவுகிறார், ஐயுறுகிறார், கேட்போரின் பதிலாளாக நின்று கதையை நகர்த்துகிறார். தெருக்கூத்தில் கட்டியங்காரனின் குறுக்கீடு அரசனின் பெருமிதத்தை உடைக்கிறது. லாவணியில் எதிர்க்கட்சி இன்றிப் பாட்டே இல்லை. இவற்றில் இரண்டாம் குரல் முதற்குரலோடு உறவு கொள்கிறது, அதில் கரைந்துவிடுவதில்லை. சுர அடுக்கில் அமையாத இயைவு, கருத்து அடுக்கில் அமைகிறது எனலாம்.

மக்கள் கலை இலக்கியக் கழகக் குழுவின் அங்கதப் பாடல்கள் இம்மரபுக்கு மிக அருகில் நிற்கின்றன. ஏளனம் இருவர் இருந்தாலன்றிச் சூடு பிடிக்காது. அறைகூவல் பாடல்களிலோ பின்பாட்டு உறுதிமொழியாக மட்டும் எஞ்சுகிறது. காலத்தால் முந்திய நிகழ்வுகளைப் பற்றிய அறைகூவல்கள் அந்நிகழ்வோடு மங்க, அங்கதப் பாடல்கள் அதிகாரத்தின் பொதுத்தன்மையைச் சுட்டி நிலைப்பதற்கும் இதுவே காரணம்.

2018 சனவரி 6 அன்று சென்னையில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு இவ்வினாவுக்கு வேறொரு விடையைத் தந்தது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய 19 பேர் கொண்ட அக்குழுவில் கானா, ராப், ராக், பறை ஆகியவை சேர்ந்தன. அங்குக் கானாப் பாடகரின் கரகரப்பும் ராப் பாடகரின் வேகமும் இசைவாணியின் பெண்குரலும் தத்தம் அடையாளத்தோடு முறைவைத்து வருகின்றன; பல்லவியில் மட்டும் ஒன்றாகின்றன. ஆயினும் அக்குழுவின் ஓசை மின்கருவிகளையும் மேடையையும் சார்ந்தது. திருச்சிக் குழுவின் ஓசை கால்நடையாகச் செல்லத்தக்கது. குரலின் தனித்தன்மையைக் காப்பதும் பாடலை எவரும் எடுத்துச் செல்ல விடுவதும் ஒன்றோடொன்று முரண்படும் நோக்கங்கள். இரு குழுக்களும் அம்முரணின் இரு பக்கங்களில் நிற்கின்றன.

7. முடிவுரை

மக்கள் கலை இலக்கியக் கழகக் கலைக்குழுவின் பாடல்களில் கூட்டுக்குரல் கருத்தைச் சுமக்கும் வண்டியன்று. அதுவே முதன்மைக் கருத்து. பாடும் உரிமையும் நிற்கும் இடமும் சிலருக்கே உரியனவாக வகுக்கப்பட்ட ஒரு பண்பாட்டில், பயிற்சியற்ற எவரும் இரண்டாம் அடியிலேயே சேரத்தக்க இசையை அக்குழு உருவாக்கியது. திருவரங்கத்தின் கோஷ்டியோடும் திருவையாற்றின் வட்டத்தோடும் ஒப்பிடும்போது அதன் புதுமை மெட்டில் அமையவில்லை; வட்டத்தைத் திறந்து வைத்ததில் அமைந்தது. அதே வேளையில் ஒருமித்த குரல் உள்வேறுபாடுகளை மறைக்கும் என்பதும், வழக்கும் ஊடகமும் அதனை ஒரு பெயராகச் சுருக்க இடம் தரும் என்பதும் அதன் வரம்புகள்.

124-அ பிரிவின் செயல்பாட்டை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்திவைத்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 152ஆம் பிரிவு அவ்விடத்தில் நிற்கிறது. பாடல் வழக்காகும் சூழல் மறைந்துவிடவில்லை. இந்நிலையில் இத்தகைய பாடல்களைத் தொகுப்போர் வரிகளை மட்டும் அச்சிடுவது போதாது. தொடங்கிய குரல், ஏற்ற குரல், குரல்களின் எண்ணிக்கை, பெண்குரலின் இடம், கருவி, பாடப்பட்ட வெளி ஆகியவற்றையும் உடன்பதிவது ஆய்வாளர் கடன். அவ்வாறு பதியப்படாத பாடல் நாளடைவில் ஒருவர் எழுதிய செய்யுளாகவோ ஒருவர்மீது சுமத்தப்பட்ட குற்றமாகவோதான் எஞ்சும். பலர் சேர்ந்து பாடினர் என்பதற்கு அதில் தடயம் இராது.